அக்கரைப் பலகையும் இக்கரைப் பலகையும்

மர வியாபாரிகள் சங்கத்தில் நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எதிர் மேசைக்காரரைக் காட்டி, "இவங்கதான் கோட்டக்கா" என்று அறிமுகப்படுத்தினார்கள். எதற்கு அந்தப் பெயர் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மாதக் கடைசியில் தானாகவே தெரிந்துவிட்டது.

சங்கம் ஒரு மாத இதழ் நடத்தியது. அதன் கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஒரே வரைபடம்தான் வரும். நம் துறைமுகங்களில் ஆண்டுதோறும் எவ்வளவு மென்மரப் பலகை வந்து இறங்குகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டில் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு கோடுகள். அந்த நாட்டை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அக்கரை என்றால் போதும். நமக்குச் சிவப்பு மை, அக்கரைக்கு நீல மை. இதழ் என்னவோ கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். ஆனாலும் அக்கா தன் மூலப்படத்தில் நிறம் மாற்றித்தான் போடுவார். பதினேழு வருஷமாக அந்த இரண்டு கோடுகளையும் ஆண்டுக்கு ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டே வந்ததால் அவர் கோட்டக்கா.

மென்மரம் என்பது பைன் மாதிரியான ஊசியிலை மரம். குளிர் நாடுகளிலிருந்து வருவது. அதை இரண்டு விதமாக இறக்குமதி செய்யலாம். முழுத் தடியாக வாங்கி இங்கே மில்லில் போட்டு அறுக்கலாம். அல்லது அங்கேயே அறுத்த பலகையாக வாங்கலாம். தடி வந்தால் மில்லுக்கு வேலை இருக்கும். பலகையாகவே வந்தால் மில் எதற்கு? அந்தக் கோடுகளில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். சங்கத்து உறுப்பினர்களில் பாதிப்பேர் மில் முதலாளிகள் என்பதால், இதழ் கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது. கணவர் அஞ்சலகத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பமாட்டார். நாளைக்கு விடுமுறையாம் என்று யாராவது சந்தோஷமாக வந்து சொன்னால், "யார் சொன்னது, எப்போ சொன்னது, எழுத்துல இருக்கா?" என்று கேட்டு அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் தெளித்துவிடுவார். விடுமுறை விடாமல் போகும்போது நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டே வேலை செய்வோம்.

வியாழக்கிழமைகளில் மதியம் அவருடைய தம்பி வருவார். இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த பெரிய மில்லில் தலைமை ரம்பக்காரர். புருவமெல்லாம் மரத்தூளோடு வந்து, அக்காவின் சாப்பாட்டில் பாதியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார். மில் வேலையில் நாற்பது வயதுக்குள் ஒரு விரலாவது போகாதவர்கள் குறைவு. இவருக்குப் பத்தும் பத்திரமாக இருந்தன. "பத்து விரலோட ரிடையர் ஆகப்போற முதல் ஆள் நான்தான்" என்று எங்கள் மேசைமேல் கைகளை விரித்துக் காட்டுவார். அறுத்து வரும் பலகையின்மேல் கட்டைவிரலை ஓட்டியே ரம்பம் எங்கே கோணுகிறது என்று சொல்லிவிடுவாராம். அவரை வேலைக்கு வைத்திருப்பதே அந்தக் கட்டைவிரலுக்காகத்தான் என்று மில் முதலாளி சொன்னதை, அவர் எங்களிடம் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அக்கா அவரைவிட ஐந்து வயது மூத்தவர். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, தம்பியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதிலிருந்து எல்லாம் அக்காதான். எந்தப் பாடம் எடுப்பது, எந்த வீட்டுக்குக் குடிபோவது, எந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வது எல்லாவற்றையும் அக்காவிடம் கேட்டுத்தான் செய்தார். அக்கா சொன்னது ஒன்றும் அதுவரை தப்பிப்போகவில்லை. மனைவி அமைந்ததும் அப்படித்தான் என்று அவரே சொல்வார்.

நான் சேர்ந்த மறு வருஷம் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. அக்கரையின் நீலக் கோடு ஓரிடத்தில் திடீரென்று செங்குத்தாக ஏறியிருந்தது. ஒரே ஆண்டில் பலகை இறக்குமதி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு முன்னால் அது மெதுவாகத்தான் ஏறிவந்திருக்கிறது. அக்கா ஒரு மெல்லிய ட்ரேசிங் தாளில் நீலக் கோட்டை நகலெடுத்து, சிவப்புக் கோட்டின்மேல் வைத்து, பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார். எட்டு ஆண்டு தள்ளி வைத்தபோது இரண்டும் அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அதாவது, அக்கரையில் எட்டு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்ததோ அதுதான் இப்போது இங்கே நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் செங்குத்து ஏற்றத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி.

என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அழகாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

செயலாளரிடம் கொண்டுபோனார். செயலாளர் அந்த வருஷம்தான் அக்கரைக்குப் போய் வந்திருந்தார். அங்கே ஒரு துறைமுக ஊரில் வரிசையாக ஏழெட்டு மில்கள் பூட்டிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அதைக் கேட்டதும் அக்காவுக்குச் சந்தேகமே போய்விட்டது. ஆனால் இதழில் போட வேண்டாம் என்றார் செயலாளர். மில்காரர்கள் வந்து மேசையைக் கவிழ்ப்பார்கள் என்று பயந்தார். அக்கா வாதாடவில்லை. அந்தத் தாளைச் சுருட்டித் துணிப்பையில் வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொல்லி, இரண்டு தாள்களையும் விரித்து, நகர்த்திக் காட்டியிருக்கிறார்.

"இன்னும் ரெண்டு வருஷம்டா. அதுக்கு மேல அந்த மில்லு தாங்காது. எல்லாரும் வேலை தேடி அலையறதுக்கு முன்னாடி நீ போயிடு."

தம்பிக்கு ஏற்கெனவே ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலைக்கு அழைப்பு இருந்தது. மில்லிலிருந்து விலகிப்போன ஒருவர் கூப்பிட்டிருந்தார். இவர்தான் பிடி கொடுக்காமல் இருந்தார். தம்பி மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணி, இது அங்க நடந்தது. இங்கயும் நடக்கும்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பொறுமையாக மறுபடியும் தாளை நகர்த்திக் காட்டினாராம். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதமே மில்லை விட்டு நின்றுவிட்டார். முதலாளி வாசல்வரை வந்து, போகாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. முழுகப்போகும் படகிலிருந்து தம்பியை மட்டும் இறக்கிவிட்ட பெருமை.

இரண்டு ஆண்டு போனது. மில் மூடவில்லை. மூன்றாவது ஆண்டு வெளிநாட்டிலிருந்து புது ரம்பம் ஒன்று வந்து இறங்கியது. தம்பிக்குக் கீழே வேலை பார்த்தவர் தலைமை ரம்பக்காரர் ஆனார். சிவப்புக் கோடு எப்போதும்போல மெதுவாகத்தான் ஏறியது. அக்கா ஒவ்வொரு ஆண்டும் அந்த ட்ரேசிங் தாளை எடுத்து இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். எட்டு ஆண்டு இடைவெளி ஒன்பதானது, பிறகு பத்தானது. கோடு அதேதான், கொஞ்சம் சோம்பேறிக் கோடு, அவ்வளவுதான் என்பார். மற்றவர்கள் சொன்னதற்கெல்லாம் எழுத்தில் ஆதாரம் கேட்டவர், தன் தாளிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அப்போது எனக்கும் அது தோன்றவில்லை.

தம்பி வீட்டில் இது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. மழை வருமுன் யாராவது குடையை விரித்தால், "அக்கா கணக்கு" என்பார்கள். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நின்றால் அதுவும் அக்கா கணக்கு. ஆரம்பித்துவைத்ததே தம்பிதான். "அக்கா சொன்னது சரிதான். கொஞ்சம் முந்திடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்வார். அதில் கோபம் இருக்காது. கிடங்குக்குப் போகும் பேருந்து மில்லைத் தாண்டித்தான் போகும். பின்பக்கம் மரத்தூள் மேடு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னும் வரல. ஆனா வரும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாராம்.

கிடங்கு வேலை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேற்பார்வை என்று பேர்தான். ஆள் குறைந்த நாளெல்லாம் உறைந்த பெட்டிகளை அவரும் தூக்கினார். நாலைந்து வருஷத்தில் குளிர் பட்டாலே விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுக்க ஆரம்பித்தன. பிறகு அவை மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. மருத்துவர் குளிரிலிருந்து விலகச் சொன்னார். அவர் விலகவில்லை. வியாழக்கிழமை மதியம் அக்காவைப் பார்க்க வருவதும் நின்றுபோயிருந்தது. கிடங்கு ஊருக்கு மறுகோடியில் இருந்தது.

தம்பி மில்லை விட்டுப் பதினோரு வருஷம் ஆனபோது, சங்கத்துக்கு அறுபதாம் ஆண்டு வந்தது. மலர் போட வேண்டும், இரண்டு நாட்டு மென்மர இறக்குமதியையும் ஆரம்பத்திலிருந்து ஒப்பிட்டு ஒரு பெரிய கட்டுரை வேண்டும் என்றார்கள். அக்காவிடம் இருந்ததெல்லாம் பழைய நகல் தாள்கள். பல எழுத்துகள் மங்கிவிட்டன. அதனால் மூல நூல்களையே பார்த்துவிடலாம் என்று புள்ளிவிவரத் துறை நூலகத்துக்குப் போனோம். அட்டவணைகளைத் தட்டச்சு செய்யவேண்டியவன் என்பதால் நானும் கூடப் போனேன்.

அக்கரையின் ஆண்டுநூல்கள் தடித்தடியாக, தூசியோடு இருந்தன. அவர் வாசிக்க, நான் குறித்துக்கொண்டேன். அந்தச் செங்குத்து ஏற்றம் வந்த ஆண்டுக்கு வந்ததும் அவர் குரல் நின்றது. நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். என்னக்கா என்றேன். அவர் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

ஆண்டுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. இதுவரை வேறு தலைப்பில் காட்டிவந்த இழைத்த பலகை, பெட்டி மரம், தண்டவாளக் கட்டை ஆகியவற்றையும் இந்த ஆண்டு முதல் இதிலேயே சேர்த்திருக்கிறோம் என்பது அதன் பொருள்.

அவ்வளவுதான். அக்கரையில் பலகை இரண்டு மடங்காகவில்லை. எண்ணுகிற விதத்தை மாற்றியிருக்கிறார்கள். அக்காவிடம் இருந்த நகலில் பக்கத்தின் அடிப்பாகம் இயந்திரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. நட்சத்திரம் மட்டும் இருந்திருக்கிறது. அது நகலெடுக்கும்போது விழுந்த அழுக்கு என்று அவர் நினைத்திருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து, சேர்த்த கணக்கையெல்லாம் கழித்துப் பார்த்தார். நீலக் கோடு எந்த ஏற்றமும் இல்லாமல் சாய்வாக, சாதுவாகப் போனது. நூலகர் வந்து மூடும் நேரம் ஆயிற்று என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. நான்தான் நூல்களை எடுத்துக் கொடுத்தேன்.

செயலாளரிடம் சொன்னபோது, அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள், யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்றார். அந்த ஊரில் பூட்டிக் கிடந்த மில்களைப் பற்றி அக்கா திருப்பிக் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, துறைமுகத்தை விரிவாக்க அந்த இடத்தை எடுத்துக்கொண்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள் என்றார். அதை அப்போதே சொல்லத் தோன்றவில்லையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போகத் துணைக்கு வரமுடியுமா என்று அக்கா என்னைக் கேட்டார். அவர் அப்படி யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் அது எனக்கு உறுத்தல்தான்.

தம்பி சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து மகளின் பாட நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். பசை விரலெல்லாம் ஒட்டியிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குப் பதினைந்து வயது. அத்தை வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அக்கா உட்காராமலே சொன்னார். "அந்தக் கணக்கு தப்புடா."

"எந்தக் கணக்கு?"

"மில்லுக் கணக்கு."

தம்பி சிரித்தார். "முந்திடுச்சு. அதுதான் ஊருக்கே தெரியுமே."

"முந்தல. தப்பு. அது வராது. வர்றதா இருந்ததே இல்ல." அடிக்குறிப்பைப் பற்றி, வெட்டுப்பட்ட தாளைப் பற்றி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கிற மாதிரியே சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

தம்பி நோட்டைக் கீழே வைத்தார். மனைவி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றார். பிறகு தம்பி, "நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்க்கா" என்றார்.

"சொல்லாம எப்படிடா இருக்கறது? பொய்யாயிடுமே."

"ஆகட்டுமே. பதினோரு வருஷமா அந்தக் குளிருக்குள்ள எதை நெனச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா? நான் ஏமாந்தவன் இல்ல, முன்கூட்டியே தெரிஞ்சவன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். நாளைக்குக் காலையில எதை நெனச்சுக்கிட்டு நிக்கறது?"

குரல் உயரவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பசையைக் கழுவ எழுந்து போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் புறப்படும்வரை அவர் திரும்பி வரவில்லை. வாசலில் தம்பி மனைவி, "என்கிட்ட முதல்ல சொல்லியிருந்தா, சொல்லவேண்டாம்னு சொல்லியிருப்பேன் அண்ணி" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது மட்டும்தான். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மலரில் திருத்திய படம் வந்தது. அதோடு, பழைய இதழ்களின் படங்களில் இன்ன ஆண்டு முதல் பிழை இருந்தது என்று மாத இதழிலும் அக்கா நான்கு வரி அச்சிட்டார். உறுப்பினர்கள் கோபமாக எழுதுவார்கள் என்று எதிர்பார்த்து இரண்டு வாரம் தபால்களைத் தானே பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு கடிதம் வந்தது. முகவரி மாறிவிட்டது, இதழைப் புது முகவரிக்கு அனுப்பவும் என்று. அதைப் படித்துவிட்டு அக்கா சிரித்தார். சிரித்தபடியே எழுந்து முகம் கழுவப் போனார்.

சில மாதம் கழித்துத் தம்பி மில்லுக்குப் போயிருக்கிறார். தம்பி மனைவி சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும். இப்போதைய தலைமை ரம்பக்காரர் இவரிடம் தொழில் பழகியவர், மரியாதை மறக்காதவர். எப்போது வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லி, ஓடுகிற ரம்பத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். பலகை வந்தது. இவர் கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். அடுத்ததும் நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாவதில் ரம்பம் கோணியிருந்தது எதிரே நின்றவர்களுக்குக் கண்ணாலேயே தெரிந்தது. அதையும் இவர் நன்றாக இருக்கிறது என்றார். அவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "வேண்டாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் வழக்கம்போலக் கிடங்குக்குப் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அக்கா கணக்கு என்று சொன்னதில்லை. போக்குவரத்து நிற்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு அக்காவும் கணவரும் போவார்கள். தண்ணீர் வருகிறதா, பேருந்து நேரத்துக்கு வருகிறதா என்று பேசிக்கொள்வார்கள். தம்பி அக்காவைக் குறை சொன்னதே இல்லை. எதையும் கேட்டதும் இல்லை. வீடு மாற்றினார், மாறிய பிறகுதான் தகவல் வந்தது. அக்கா அதை என்னிடம் சொன்னபோது, "நல்ல வீடுதான்" என்றார்.

நான்கு வருஷத்தில் அக்கா ஓய்வு பெற்றார். புதிதாக வந்த செயலாளர் கடைசிப் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இரண்டு வருஷம் கழித்து, தம்பி மகளுக்குப் படிப்பு முடிந்ததும் இரண்டு ஊர்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு எதை எடுப்பது என்று குழப்பம். அவளாகவே அத்தையைத் தேடி வந்து கேட்டாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். இரண்டு கடிதங்களையும் அக்கா வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"சும்மா, உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க அத்தை."

"ஒண்ணும் தோணல." கடிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று எழுந்துகொண்டாள்.

அவள் தூரத்து ஊரைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ரயிலேற்றிவிட அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பி மனைவிக்குக் காய்ச்சல் என்பதால், சாமான் தூக்க என்னை வரச் சொல்லியிருந்தார் அக்கா. ரயில் நகர்ந்ததும் மூவரும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அக்கா, தம்பியின் சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் இருந்ததைக் கவனித்துவிட்டுக் கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

தம்பியின் பேருந்து முதலில் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "நீ எப்படிப் போவே?" என்று கேட்டார்.

"எனக்கு வரும். நீ ஏறு."

அவர் ஏறி உள்ளே போனார். எங்கள் பேருந்து வரக் கால்மணி ஆயிற்று. அதுவரை அக்கா தம்பியின் பேருந்து போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.